மெஸ் கணக்கு

ஜலீபில் எங்கள் அறைக்குக் கட்டில் எட்டு,
ஆள் ஒன்பது.
ஒன்பதாவது சூசைமிக்கேல்.
கம்பெனி மூடி ஏழு மாதம்,
அக்காமா செத்து நாலு.
யார் ஷிப்டுக்குப் போகிறார்களோ
அவர்கள் சூட்டில் போய்ப் படுப்பான்.
வெள்ளிக்கிழமை எல்லோரும் இருப்போம்.
அன்றைக்கு அவன் வாசலில், செருப்புகளோடு.

மெஸ் நோட்டு என் கையில்.
மொத்தத்தை எட்டால் வகுத்து எழுதுகிறேன்.
யாரும் கேட்டதில்லை.
பூவலிங்கம் மட்டும் ஒருமுறை
பேனா முனையைப் பார்த்துக்கொண்டே
"அரிசி வேகமாத் தீருதே" என்றார்.
"அரிசி மட்டம்ணே" என்றேன்.

பகலில் நான் மண் எடுப்பவன்.
சால்மி சாலை தாண்டி
குழாயைச் செருகி, திருகி, இழுத்து,
பையில் கட்டி எண் எழுதிக் கொடுப்பேன்
டாக்டர் பதூலிடம்.
பாதி அரபி, பாதி இந்தி,
மீதிக்குக் கை, அவர் பேச்சு.

வஸ்ம் மழை இந்த வருஷம் இடியோடு வந்தது.
பிப்ரவரியில் போய்ப் பார்த்தால்
மணல் அங்கங்கே உப்பி வெடித்திருக்கிறது
கல்லில் போட்ட அடை மாதிரி.
விரலை விட்டால் ஃபகா.
உருளைக்கிழங்கு என்று சொல்லிவிட்டேன்,
டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

காளானாம்.
பக்கத்தில் சாண் உயரச் செடி, ரக்ரூக்.
அதன் வேரைக் காளானின் நூல் சுற்றிக்கொள்கிறது,
தலைமயிரை விடச் சன்னம்.
நூல் ஈரம் தேடிக் கொண்டு வரும்.
செடி வெயிலில் சமைத்துச் சர்க்கரை கொடுக்கும்.
"முதலில் கொடுத்தது யார்?" என்றேன்.
டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார்.
துடைத்ததையே துடைத்தார்.

குளிர்நாட்டுக் காடுகளில் இன்னும் கூத்து என்றார்.
மெழுகு நிறத்தில் ஒரு செடி.
பச்சை கிடையாது, சமைக்கத் தெரியாது.
மரம் நூலுக்குக் கொடுத்ததை
நூலிடமிருந்து வாங்கித் தின்று
நிழலிலேயே பூத்துவிடும்.
மரத்துக்குத் தெரியுமா?
மரத்தைத்தான் கேட்க வேண்டும் என்றார்.

திரும்புகிற வழியில் தானூன்.
வெறும் மணலில் முழங்கால் உயர மஞ்சள் கதிர்,
இலை என்று ஒன்றுமே இல்லை.
தோண்டிக்கொண்டே போனேன்.
வெளுத்த தண்டு, என் கை நீளத்துக்கும் கீழே
வளைந்து போய்
ரிம்த் புதரின் வேரில் வாய் வைத்திருந்தது.
இதற்கு நூல்கூட இல்லை, தரகு இல்லை,
நேரடி.
"வெட்டாதே, மூடு."
மூடிக்கொண்டே கேட்டேன்,
"இது திருப்பி ஒன்றும் தராதா?"
"நாங்கள் அளந்ததில் இல்லை."
கதிரில் இரண்டு தேனீ.
சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு
வேறு பூ நான் பார்க்கவில்லை.
பையில் எண் எழுதினேன். தேனீயை எழுதக் கட்டம் இல்லை.

மாசக் கடைசி.
டப்பாவைக் கவிழ்த்து எண்ணினால்
ஏழு தினார் கூடுதல்.
மறுபடி எண்ணினேன்.
போன மாதமும் இப்படித்தான், ஆனால்
அப்போது நான் என்னையே சந்தேகப்பட்டேன்.
எட்டு முகத்தையும் பார்த்தேன்.
ஒருவன் போனில்,
ஒருவன் துணி காயப்போடுகிறான்,
பூவலிங்கம் சீரியலுக்கு இருமுகிறார்.
நோட்டை மூடி வைத்தேன்.

டாக்டர் கொடுத்த ஃபகா ஒன்று சட்டைப்பையில் இருந்தது.
சூசைமிக்கேல் ஆறு தண்ணீரில் கழுவினான்,
உப்புப் போட்டு வேகவைத்தான்,
எட்டுத் துண்டாக நறுக்கி
தட்டை எங்கள் பக்கம் தள்ளினான்.

"வகுத்தல் தெரியாத பய" என்று
கத்தியைப் பிடுங்கினார் பூவலிங்கம்.

ஆறு தண்ணீருக்கும் போகாத மணல்
பல்லில் நறநறத்தது.
யாரும் துப்பவில்லை.